கட்டு போட்ட காலும் கையெழுத்து போடாத கையும்

உங்க கிளாஸ்லயும் ஒருத்தன் இருப்பான். லேசா காலை இழுத்துக்கிட்டு, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைத் தேடிக்கிட்டு. கேட்டா, 'பைக்ல விழுந்துட்டேன் மச்சி'ன்னு ஒரே வரியில முடிச்சுடுவான். எங்க கிளாஸ்ல அது நான்தான்.

2023 ஜூலை. ஹாஸ்டல் மெஸ்ல ராத்திரி உப்புமா. அது போதாதா? மூணு பேர், ஒரு பைக், பரோட்டா கடை. ஆமாங்க, ட்ரிபிள்ஸ்தான். நான் கடைசி. ஜி.எஸ்.டி. ரோட்டுல சிக்னலுக்கு நின்னப்போ பின்னாடி வந்த கார் இடிச்சுது. மத்த ரெண்டு பேருக்கும் சிராய்ப்பு. எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் போச்சு. முட்டி ஒரு பக்கம், பாதம் ஒரு பக்கம்.

கார்காரர் ஓடிப்போகலை. அவரே ஜி.ஹெச்.சுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் காலையில அவரோட மச்சான் வந்தார், பத்தாயிரம் ரூபாயும் ஒரு பத்திரமும் எடுத்துக்கிட்டு. 'தவறு எங்கள் மீதே, இனி எந்த நஷ்டஈடும் கேட்க மாட்டோம்'னு டைப் அடிச்சிருந்துச்சு. விருதுநகர்லேர்ந்து ராத்திரியே பஸ் பிடிச்சு வந்திருந்த அப்பா, பேனாவைத் திறந்துட்டார். "கோர்ட்டு, கேஸெல்லாம் நமக்கு எதுக்குடா? நீயும்தானே மூணு பேரா போயிருக்கே?" எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. நல்ல மனுஷனைப் போய் எப்படி மாட்டிவிடுறது?

பக்கத்து பெட்ல ஒரு லாரி டிரைவர் அண்ணன். "சார், போட்டுராதீங்க. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கில்ல? பணம் அவர் பாக்கெட்லேர்ந்து வராது, கம்பெனிதான் தரும்"னார். அப்பா பேனாவை மூடினார்.

அந்த அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாம வண்டியை ரோட்டுல இறக்கவே கூடாது. அந்தக் காப்பீடே நம்மளை மாதிரி அடிபட்டவங்களுக்காகத்தான். அப்போ ட்ரிபிள்ஸ்? மூணு பேர் உட்கார்ந்ததாலேயே தப்பு உங்க மேலன்னு ஆகிடாது. விபத்துக்கோ, அடி பலமா பட்டதுக்கோ அதுதான் காரணம்னு காட்டணும்னு உச்ச நீதிமன்றம் 2020-ல் ஒரு தீர்ப்புல சொல்லியிருக்கு. நாங்க நின்னுட்டிருந்தோம், அவர் வந்து இடிச்சார். (போலீஸ் ஃபைன் தனிக்கதை. அதைக் கட்டினோம்.)

இந்த கேஸுக்குக் கோர்ட்டுல பேரு எம்.சி.ஓ.பி. விபத்து நடந்த ஊர்லதான் போடணும்னு இல்லை. நீங்க குடியிருக்கிற ஊர்லயும் போடலாம். நாங்க விருதுநகர்லயே போட்டோம். விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும்னு 2019 சட்டத் திருத்தம் சொல்லுது. 2022 ஏப்ரல்லேர்ந்து அது அமல்ல இருக்கு. அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்காங்க. ஆனா அதை நம்பி நாளைக் கடத்தாதீங்க.

என்னைக் காப்பாத்தினது பேப்பருங்கதான். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரி ஏ.ஆர். காப்பி, எக்ஸ்-ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் அம்மா ஒரு ஜவுளிக்கடைப் பையில போட்டு பீரோவுல பூட்டி வெச்சாங்க. எழுத முடியாமப் போன செமஸ்டர் ஹால் டிக்கெட்கூட அதுல இருந்துச்சு. பெரியப்பா மட்டும், "ராடெல்லாம் எதுக்கு? பேசாம புத்தூர் கட்டு போட்டுடலாம்"னு ஒத்தைக் கால்ல நின்னார். கேட்டிருந்தா எலும்பு சேர்ந்திருக்குமோ என்னவோ, ஏ.ஆர். காப்பி கிடைச்சிருக்காது!

வார்டுக்கே வந்து, 'வர்ற பணத்துல பாதி எங்களுக்கு'ன்னு பேசுற ஆளுங்களையும் பார்ப்பீங்க. கேஸ்ல வர்ற தொகையில பங்கு பேசுறது பார் கவுன்சில் விதிப்படி வக்கீலுக்குக் கூடாத காரியம். கையில காசு இல்லையா? கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும். பொண்ணுங்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், வருமானம் குறைஞ்ச குடும்பங்களுக்கும் இலவசமாவே வக்கீல் வெச்சுத் தருவாங்க. 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம்.

ஒண்ணே முக்கால் வருஷம் வாய்தா. 'சம்பாதிக்காத பையனுக்கு என்ன நஷ்டம்?'னு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டப்போ அப்பா முகத்தைப் பார்க்க முடியலை. ஸ்டூடண்டுக்கும் ஒரு உத்தேச வருமானம் வெச்சுக் கணக்குப் போடுவாங்கன்னு எங்க வக்கீல் அப்புறம்தான் சொன்னார். கடைசியில 2025-ல் லோக் அதாலத்ல பேசி முடிஞ்சுது. எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன், ட்ரீட் கேட்பீங்க.

நடுவுல ஒரு வாய்தாவுக்குக் கார்காரரும் வந்திருந்தார், முதல் எதிர்மனுதாரரா. கோர்ட் வராண்டாவுல நேருக்கு நேர் மாட்டிக்கிட்டோம். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவரே பக்கத்துல வந்து உட்கார்ந்தார்.

"ராடை எடுத்தாச்சா தம்பி?"

"இன்னும் இல்ல சார்."

"பனிக்காலத்துல வலிக்குமே"ன்னுட்டு, வாசல் கடையில மூணு டீ சொன்னார். அப்பாவுக்கும் சேர்த்து.