பகைப்புலத்தில் ஒரு பாசறை

"என் உடலே எனக்குத் துரோகம் செய்துவிட்டது" என்று மார்பகப் புற்றுநோய் கண்ட அக்காள் அடிக்கடி புலம்புவாள்.

ஒருநாள் திசு ஆய்வு மருத்துவர், அவளது கட்டியின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் எனக்குக் காட்டினார். ஊதாப் புள்ளிகள் திரளாக நின்றன. புற்று அணுக்களோ எனக் கலங்கினேன். "அல்ல, வெள்ளணுக்கள்" என்றார். நடுவே பி அணுக்கள், அவற்றைச் சூழ டி அணுக்கள். நிணநீர்க்கணுவை ஒத்த இவ்வமைப்பு கட்டியின் ஓரத்திலேயே புதிதாக எழுந்து, பகையை இனங்காண அணுக்களைப் பயிற்றுகிறதாம். மூன்று ஏற்பிகளும் இல்லாத அவளது நோய்வகையில், இத்திரள் உள்ளோர் பொதுவாக மேலான பலன் பெறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உறுதிமொழி அன்று, சிகிச்சை தொடரவே வேண்டும்.

வீடு திரும்பியதும், "உன் உடல் இன்னும் உனக்காகப் போராடுகிறது, அக்கா" என்றேன். அவள் பதில் கூறவில்லை. மார்பின்மீது கையை மெல்ல வைத்துக்கொண்டாள்.