உம்மாட வீட்டுச் சீட்



போன லீவில் உம்மாட வீட்டுக் கூரையைக் கழற்றினோம். கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய அஸ்பெஸ்டஸ் சீட் உள்ளவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

1978 நவம்பர் சூறாவளி கிழக்கில் எத்தனை கூரைகளைக் கொண்டுபோனது என்று மூத்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கிடுகுக் கூரையும் அதில்தான் போனது. அடுத்த வருடம் வாப்பா சீட் போட்டார். அப்போது ஊரில் சீட் வீடென்றால் ஒரு மதிப்பு. வாப்பாவே மேசன். கைவாளால் சீட் அறுத்துவிட்டு வந்தால் தலைமுடி, சேட், சாரன் எல்லாம் வெள்ளைத் தூளாக இருக்கும். அப்படியே ஓடிப்போய் மடியில் ஏறுவோம். உம்மா அந்தச் சாரனை நன்றாக உதறிவிட்டுத்தான் கழுவுவா.

கடைசிக் காலத்தில் வாப்பாவுக்கு மூச்சு இழுத்தது. நெஞ்சுநோய் கிளினிக்கில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன தொழில் செய்தீங்க?" அஸ்பெஸ்டஸ்தான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. வாப்பா பீடியும் குடித்தவர். இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகும் என்று பிறகுதான் படித்தோம். நார் உள்ளே போய் 20, 30, 40 வருடங்கள் கழித்துக்கூட நோய் தலைகாட்டலாமாம்.

பயமுறுத்த எழுதவில்லை. உடையாத சீட் தலைக்கு மேல் சும்மா கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. நார் சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது. அறுத்தால், துளைத்தால், உடைத்தால்தான் வெளியே வரும். நோன்பு வர முன் கூரையில் ஏறிக் கம்பி பிரஷ்ஷால் பாசி உரசுகிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான்.

உம்மாட வீட்டில் ஓரங்கள் பொரிந்து, இரண்டு இடத்தில் வெடித்து ஒழுகியது. தங்கச்சிட சின்னவனுக்கு வீசிங் வேறு. மாற்றத்தான் வேண்டும்.

வந்த மேசன் வாப்பாவிடம் தொழில் பழகியவர். "சுத்தியலால ரெண்டு போடு போட்டா ஒரு மணித்தியாலத்துல எல்லாம் கீழ கிடக்கும் சேர்" என்றார். விஷயத்தைச் சொன்னோம். சிரித்தார். "30 வருசமா வெட்டுறன், எனக்கு ஒண்டும் நடக்கல்லயே." வாப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்றோம். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "சரி, எப்படிச் செய்யணும் சொல்லுங்க."

அவரைக் குறை சொல்லி என்ன? 2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை நிறுத்துவதாக நம் அரசாங்கம் முடிவெடுத்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, வண்டு இருந்ததென்று நம் தேயிலைக்குத் தற்காலிகத் தடை போட்டது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்பதும் ரஷ்யாதான். நம்முடைய முடிவு பின்தள்ளிப் போனது.

காற்றில்லாத ஒரு காலையில் தொடங்கினோம். பிள்ளைகளை மாமி வீட்டுக்கு அனுப்பி, கிணற்றை மூடினோம். பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த தண்ணீரால் சீட்டுகளை மெதுவாக நனைத்தோம். வேகமாகப் பீச்சினால் நாரைக் கிளப்பிவிடும். நனைந்த சீட் வழுக்கும், பழைய சீட் ஆளோடு உடைந்து விழும். அதனால் உள்ளே சாரம் கட்டி, துருப்பிடித்த கொக்கி ஆணிகளைக் கிரைண்டர் போடாமல் கட்டரால் வெட்டி, முழுச் சீட்டாகவே இறக்கினோம். மூன்றுதான் உடைந்தது.

கொரோனாக் காலத் துணி மாஸ்க் இதற்கு உதவாது. எஃப்எஃப்பி3 நல்லது, எங்களுக்குக் கிடைத்தது என்95. அதுவும் முகத்தோடு இறுக ஒட்ட வேண்டும். தாடி வைத்த எங்களுக்கு ஒட்டாது! ஆகவே தாடியில்லாத மேசனும் அவர் மகனும் சாரத்தில், நாங்கள் தூரத்தில் நின்று தண்ணீர் அடித்தோம். தும்புத்தடியைத் தொடவில்லை, எல்லாம் ஈரத்துணிதான். துணிகளையும் அவர்கள் போட்டிருந்த உடுப்பையும் பையில் கட்டிவிட்டு, அங்கேயே குளித்துத்தான் வீட்டுக்குப் போனார்கள்.

பக்கத்து வளவுக் காக்கா ஆட்டுக்கொட்டிலுக்கு நான்கு சீட் கேட்டார். கொடுக்கவில்லை. இன்னும் முகம் பார்த்துப் பேசுகிறாரில்லை. குப்பை டிரக்டரும் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டது. சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இல்லை. தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, "அஸ்பெஸ்டஸ், தொடாதீர்கள்" என்று எழுதி மாமரத்தடியில் அடுக்கியிருக்கிறோம். சின்னவனின் பந்து அந்தப் பக்கம் போனால் நாங்கள்தான் போய் எடுத்துக் கொடுக்கிறோம்.