சுமை தாங்கும் பட்டைகள்

சரக்கு லாரியின் பின்சக்கரத்திற்கு மேலே, ஒன்றைவிட ஒன்று நீளம் குறைந்த எஃகுப் பட்டைகள் வில்லாய் வளைந்து அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நெல் மூட்டைகளின் பாரம் முழுவதும் அத்தகைய அடுக்குகளின் மீதே அமர்ந்திருக்கிறது.

வில் எவ்வளவு அமுங்குகிறதோ அந்த அளவுக்கே எதிர்த்துத் தள்ளும் என்னும் விதியை, 1678-இல் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் நூலாக வெளியிட்டார். 2 டன்னுக்கு 5 செ.மீ. அமுங்கினால், 4 டன்னுக்கு 10 செ.மீ. அப்படியாயின் ஒரே தடித்த பட்டை போதாதா எனக் கேட்கலாம். போதாது. விறைப்பு, கனத்தின் மும்மடியாகப் பெருகுவது. சம நீளமுள்ள நான்கு பட்டைகளை ஒட்டி ஒரே கட்டையாக்கினால், தனித்தனியே அடுக்கியதைவிட அது 16 மடங்கு விறைத்துவிடும்; பள்ளத்தின் அதிர்ச்சி அப்படியே வண்டிக்கு ஏறும். பிரிந்திருக்கும் பட்டைகளோ ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி வளைகின்றன. அவற்றின் உரசலே ஆட்டத்தையும் தணிக்கிறது. வளைக்கும் விசை நடுவில் மிகுதியாதலால் அங்கே பட்டைகளும் மிகுதி.

எங்கள் அத்தா அவர்கள் ஒற்றை லாரியைக் கொண்டு நெல் வணிகம் செய்தார்கள். ஓர் அறுவடைக் காலத்தில், மூட்டைகளைக் கூட்டி ஏற்றினால் கடன் விரைவில் அடையுமென்று எண்ணி, பக்கத்திற்கு இரண்டு பட்டைகள் சேர்க்கப் பட்டறைக்குச் சென்றார்கள். மேஸ்திரி சொன்னாராம்: "போட்டுத் தர்றேன் பாய். வண்டி அமுங்காம நிக்கும். பிரேக்குக்கு யாரு பட்டை போடுறது?"

எவ்வளவு துல்லியமான பேச்சு! ஒரே வகையான 10 பட்டைகள் 12 ஆனால் விறைப்பு 20 விழுக்காடு கூடும். அவற்றின் மேல் பாரமும் 20 விழுக்காடு கூடினால் வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. ஆனால் அதே வேகத்தில் வரும் வண்டியை நிறுத்துகையில் பிரேக்கில் எழும் வெப்பம் எடைக்கேற்பக் கூடியே தீரும். டயரும் அச்சும் முன்பிருந்தவையே. வெறும் வண்டியாய்த் திரும்பும்போதோ, விறைத்த வில் சக்கரத்தைத் தரையில் பதியவிடாமல் துள்ளச் செய்யும்.

(அதிகப் பாரத்திற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் தண்டமாக விதித்தது, அக்காலத்தில் அத்தகைய அச்சம் எவருக்கும் இல்லை.)

அத்தா பட்டை சேர்க்காமலே திரும்பினார்கள். கடன் அடைய மேலும் இரண்டு அறுவடைகள் ஆயின. அதுவரை அம்மாவின் வளையல்கள் அடகுக் கடையிலேயே இருந்தன.