போர்டு எழுதியவர் சேர்த்த காகிதங்கள்

நாடகக் கொட்டகை வாசலில் கொடுக்கும் நோட்டீசை, ஆட்டம் முடிந்த பிறகும் யார் எடுத்து வைப்பார்? சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய அச்சுத் தாள்களைப் புரட்டும்போது எழுந்த கேள்வி இது. அவற்றைச் சேர்த்த முத்தையா புலவரோ பேராசிரியரோ அல்லர். காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரர்; விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். 1992இல் அவர் காலமானபோது புத்தகங்களே 50,000 அளவுக்கு இருந்தன. பத்திரிகைகள், பாட்டுப் புத்தகங்கள், கல்யாண அழைப்பிதழ்கள், நோட்டீசுகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு லட்சம் உருப்படி.

கோட்டையூருக்குப் போனேன். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, கொடுத்துக் கொடுத்தே பேர் வாங்கிய அழகப்பச் செட்டியார் பிறந்த ஊரும் அதுதான். அதே ஊரில் இன்னொருவருக்குச் சேர்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது?

அந்த ஊர் நகரத்தார் வீட்டு வழக்கம்தான் காரணம் என்று முதலில் தோன்றியது. கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதுவார்கள். மொய்க்கும் சீருக்கும் கணக்கு இருக்கும். எழுதிய தாளை லேசில் எறியாத சமூகம். ஆனால் அந்த விடை எனக்குப் போதவில்லை. பர்மாவில் சேர்த்த சொத்து கைவிட்டுப் போனபின் வீட்டுச் சாமான்களையே விற்ற குடும்பங்களும் இங்கே உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் அந்தச் சாமான்களை இன்றும் பார்க்கலாம். தேக்குக் கதவுக்கும் பீங்கான் சாமானுக்கும் அங்கே விலை உண்டு. பழைய நோட்டீசுக்கு ஏது?

காரைக்குடியில் போர்டு எழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவரிடம் பேசியபோது வேறொரு வாசல் திறந்தது. தகரத்துக்கு வண்ணம் பூசி, காயவைத்து, கோடு போட்டு, எழுத்துக்கு இடம் பிரிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுமாம். ‘ழ’வின் வளைவும் நிழல் விழும் பக்கமும் கண்ணில் நிற்க வேண்டும். அதற்கு அடுத்தவர் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். “நல்ல நோட்டீசு கிடைச்சா விடமாட்டோம் தம்பி, மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிருவோம்” என்றார்.

முத்தையாவும் சென்னைக்குப் போய்ப் பலகை எழுதும் கலையைப் பழகியவர். பழைய புத்தகக் கடைகள் அவரை இழுத்ததும் அங்கேதான். அந்தக் கடைகளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. அவர் 1950களிலேயே சேர்க்கத் தொடங்கியிருந்தார். நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. படித்தவர்கள் தாளில் விஷயத்தைத் தேடுவார்கள். எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்கு அச்சான எதுவும் குப்பையில்லை என்றே நான் நம்புகிறேன். 1867 சட்டம் புத்தகங்களைப் பதிவு செய்யச் சொன்னது. 1954 சட்டம் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்பச் சொன்னது. தெருவில் கொடுக்கும் தாளைக் காப்பதற்கு இப்படி ஒரு தனிமனிதர்தான் வேண்டியிருந்தது.

சேர்த்ததைத் தேடித் தரவும் செய்தார். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோட்டையூர் வீட்டைத் தேடி வந்தார்கள். அத்தனை காகிதத்தோடு குடித்தனம் நடத்திய அந்த வீட்டாரையும் வணங்கத்தான் வேண்டும். கறையானுக்கும் ஈரத்துக்கும் காவல் இருப்பது ஒருவரால் மட்டும் ஆகிற காரியமா?

அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே நூலகம் அமைய வழி செய்தது. நல்லவேளை, மொத்தமாக வாங்கினார்கள். புத்தகங்களை மட்டும் கேட்டிருந்தால் நோட்டீசுகள் எடைக்குத்தான் போயிருக்கும்.