மாத்திரை என்னும் காலம்

தமிழிலக்கணம் பயில்வோர்க்கு மாத்திரை என்பது காலத்தின் அளவு. கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் அதன் வரையறை. மருந்துக் கடையிலோ அச்சொல் விழுங்கும் மருந்தைக் குறிக்கிறது. இவ்விரு பொருளும் ஒன்றுபடும் இடம் குறைமாதப் பேற்று மருத்துவம். அங்கே மருந்தே காலத்தை ஈட்டித் தருகிறது.

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் சிறுபருவம் முதல் நாம் கேட்டுவரும் பேச்சொன்று உண்டு. ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்பர். சில ஆண்டுகளுக்கு முன், இராசிபுரத்தை அடுத்த சிற்றூரில் நம் தமக்கை மகளுக்கு எட்டாம் மாதத்தில் இடுப்பு வலி கண்டது. வீட்டு முதியவர் ஒருவர் அப்பேச்சையே எடுத்துரைத்து, "இறைவன் நாட்டப்படி ஆகட்டும், விடிந்ததும் பார்ப்போம்" என்றார். கிராம சுகாதாரச் செவிலியர் அதற்கு இசையவில்லை. "ஐயா, இப்போதே புறப்பட வேண்டும். இரண்டு நாள் கிடைத்தால் பிள்ளையின் நெஞ்சு தேறிவிடும்" என்று கூறி, ஓர் ஊசி போட்டு, 108 வண்டியை வரவழைத்துச் சேலத்திற்கு அனுப்பினார்.

அந்த இரண்டு நாளின் பொருளைப் பின்னரே நாம் படித்தறிந்தோம். கருவிலுள்ள சிசுவின் நுரையீரலில் காற்றில்லை, நீரே நிறைந்துள்ளது. பிறந்ததும் அதன் நுண்ணறைகள் காற்றேற்று விரிதல் வேண்டும். நனைந்த தாள்கள் ஒட்டிக்கொள்வதுபோல் அவ்வறைகள் சுருங்கி ஒட்டாமல் காப்பது 'சர்ஃபாக்டன்ட்' என்னும் மெல்லிய படலம். ஏறத்தாழ 34 வாரங்களுக்குப் பின்னரே அது போதிய அளவில் அமைகிறது. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இரண்டு நாள் நிறையுமுன் இறந்தது இந்நோயால்தான். அதிபரின் அதிகாரமும் அன்று உதவவில்லை.

நியூசிலாந்து மருத்துவர் லிக்கின்ஸ் ஆடுகளை வைத்துப் பேற்று வலியின் காரணத்தை ஆராய்ந்துவந்தார். டெக்ஸாமெத்தசோன் செலுத்தப்பட்ட குறைமாத ஆட்டுக்குட்டியொன்று, பிழைக்கவியலாத பருவத்தில் பிறந்தும் மூச்சுவிடக் கண்டு வியந்தார். அவரும் ஹோவியும் பெண்களிடத்து ஆய்ந்து 1972-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. மருந்து பெறாதார் சிசுக்களுள் நூற்றுக்கு 25.8-க்கு மூச்சுத்திணறல் நோய் வந்தது. பெற்றார் சிசுக்களுள் 9-க்கே வந்தது. ஆயினும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது 1994-இல்தான். இந்தியாவில் 24 முதல் 34 வாரம் வரையான குறைமாத வலிக்குச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்னும் வழிகாட்டுதல் 2014-இல் வந்தது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை உணர்தல் நலம். வலியை அடக்கும் நிஃபெடிபின் போன்ற மாத்திரைகள் நுரையீரலை முதிர்விப்பதில்லை. கருப்பையைத் தளர்த்திப் பேற்றைச் சில நாழிகையோ இரண்டொரு நாளோ தள்ளிவைக்கின்றன, அவ்வளவே. அவ்விடைவெளியில் நுரையீரலை முதிர்விப்பது டெக்ஸாமெத்தசோன் ஊசி. பன்னிரண்டு மணிக்கொருமுறை 6 மில்லிகிராமாக நான்கு முறை அது போடப்படுகிறது. காலத்தை ஈட்டுவது ஒன்று. ஈட்டிய காலத்தைப் பயன்கொள்வது மற்றொன்று.

இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 தாய்மாரிடத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. மருந்து பெறாதார் சிசுக்களுள் நூற்றுக்கு 23.5 மாண்டன, பெற்றார் சிசுக்களுள் 19.6 மாண்டன. இருபத்தைந்து தாய்மார்க்கு மருந்தளித்தால் ஓருயிர் காக்கப்படும் என்பது கணக்கு. எனினும் இது தாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தன்று. வாரக்கணக்கை அறிந்து, சிசுவைப் பேணும் வசதியுள்ள மருத்துவமனையில் கொடுத்தாலே பயன் தரும்.

நம் மருமகள் பிள்ளை மூன்றாம் நாள் பிறந்து, வாய்விட்டு அழுதது. இன்று பள்ளி செல்கிறது. எட்டாம் மாதத்துப் பிள்ளையின் நுரையீரல் ஏழாம் மாதத்ததைவிட முதிர்ந்தது என்பதே உண்மை. ஊர்ப்பேச்சு அதனைத் தலைகீழாக்கிவிட்டது.

ஆதலின் பெரியோர்க்கும் மாணவச் செல்வங்கட்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இரண்டு. கருவுற்ற பெண்ணின் கடைசி மாதவிலக்கு நாளைக் குறித்து வையுங்கள். வாரக்கணக்கு அதனின்றே தொடங்கும். மாதம் நிறையுமுன் வலி கண்டால் விடியலுக்குக் காத்திராதீர். கொல்லிமலையின் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து இறங்க வேண்டியவர்க்கு ஒவ்வொரு மாத்திரைப் பொழுதும் ஓர் உயிர்மூச்சு ஆகும்.