பச்சைக் கம்பி

எங்கள் வீட்டு ரேழியில், வாசல் நிலைக்கு வலப்பக்கம், மின்சார மீட்டருக்குக் கீழே ஒரு மரப்பலகை இருந்தது. அதில் இரும்பு மூடி போட்ட மெயின் ஸ்விட்ச் ஒன்று. அதை அடுத்து வெள்ளைப் பீங்கானில் நாலு பியூஸ் கட்டைகள். அவற்றுக்கு மேலே, பிற்காலத்தில் வந்து ஒண்டிக்கொண்ட இரண்டு எம்.சி.பி.க்கள். அப்பா இருந்தவரை அந்தப் பலகைக்கு அவர்தான் பூசாரி. ராத்திரியில் விளக்கு அணைந்தால் எங்களுக்கெல்லாம் ஒரே குதூகலம். அப்பா டார்ச் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு, மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நிற்பார். கையை வேஷ்டியில் நன்றாகத் துடைத்துக்கொள்வார். ஈயம் பூசிய சன்னமான செம்புக் கம்பியில் ஒரே ஓர் இழையை எடுத்துக் கட்டையில் சுற்றுவார். "ஒரு இழைக்கு மேலே போடாதேடா" என்பார். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன். பிறகு படிப்பை நிறுத்திவிட்டுக் கதை எழுத வந்துவிட்டேன். ஓம் விதியை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூடச் சொல்லுவேன். என் வீட்டு ரேழியில் அந்த விதி என்ன பாடுபட்டுக்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரியாது.

போன கோடையில் மாடி அறைக்கு ஏ.சி. வைக்கலாம் என்று ஆசை வந்தது. அந்த அறையில்தான் எழுதுகிறேன். ஆடி முடிந்தும் புழுக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓர் எலெக்ட்ரீஷியனை அனுப்பினார். ஐ.டி.ஐ. படித்த பையன்; முப்பது வயசு இருக்கும். மெயினை அணைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தான். கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தால் நோயாளியின் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு மௌனமாகிவிட்ட டாக்டர் மாதிரி இருந்தது.

"இந்தப் பலகையிலேருந்து ஏ.சி.க்கு லைன் எடுக்க முடியாது சார்."

"ஏன் தம்பி? நாற்பது வருஷமாக எரிகிற வீடுதானே?"

"அதான் சார் ஆச்சரியமா இருக்கு."

முதல் கட்டையை என்னிடம் நீட்டினான். அதில் ஓர் இழைக்குப் பதிலாக ஐந்தாறு இழைகள் முறுக்கிச் சுற்றியிருந்தன. அது என் கைவேலை. 2011-ஆம் வருஷத்துக் கோடையில் ராத்திரிக்கு ராத்திரி பியூஸ் போயிற்று. பழைய வயர் துண்டு ஒன்றை உரித்து, இழைகளைத் திரித்துப் போட்டேன். அப்புறம் அது போகவே இல்லை. வெகு நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதிகமாக் கரெண்ட் போனா முதல்லே எரிஞ்சு போகணும்னுதான் சார் இதை வெச்சிருக்கு. இது எரியாட்டி சுவத்துக்குள்ளே வயர் எரியும்" என்றான்.

அதே கதைதான் எம்.சி.பி.யிலும். யாரோ ஒருவர் பதினாறு ஆம்பியரை எடுத்துவிட்டு, அடிக்கடி விழுகிறதென்று முப்பத்திரண்டு போட்டிருந்தார். அதிலிருந்து புறப்பட்ட கம்பியோ ஒன்றரை ஸ்கொயர். ஒல்லி மாட்டின் மேல் இரட்டைப் பாரம். ஒரே திருகின் கீழே மூன்று கம்பிகள், டேப் சுற்றிய ஒட்டுகள், மூடியில்லாத ஓட்டை வழியாக உள்ளே போய்க் காய்ந்து கிடந்த பல்லி, எல்லாவற்றையும் காட்டினான். இவற்றையெல்லாம் நான் சட்டென்று ஒப்புக்கொண்டேன். அப்பாவின் வேலைக்கு வந்தபோதுதான் கொஞ்சம் மனஸ்தாபம் ஏற்பட்டது.

பேஸுக்கு ஒரு கட்டை, நியூட்ரலுக்கு ஒரு கட்டை என்று இரண்டிலும் பியூஸ் வைத்திருந்தார் அப்பா. பழைய வீடுகளில் அதுதான் வழக்கம். கூடாது என்றான் பையன். பிற்பாடு புத்தகம் தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 32-ஆவது விதியே அதைத் தடுக்கிறது. அந்த விதிகளின் இடத்தில் மத்திய மின்சார ஆணையம் 2010-லும் பிறகு 2023-லும் புது ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அந்தச் சங்கதி மாறவில்லை. நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். மின்சாரம் போய்விட்டதென்று நாம் நம்பிவிடுவோம். பேஸ் மாத்திரம் வீடு முழுவதும் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கும். பன்னிரண்டு வயசில் பல்பு மாட்டப் போன நான் ஸ்டூலிலிருந்து கூடத்தில் வந்து விழுந்தேன். என் கவனக் குறைவுதான் காரணம் என்று அன்றைக்கு வீட்டில் ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானத்தை நான் இப்போது மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உங்கப்பா கையாலே வெச்சதுடா அது. ஏ.சி. இல்லேன்னா உனக்கு எழுத வராதா?" என்றாள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கும் எரிச்சல்தான். ஒரு லைன் இழுக்க வந்தவன் வீட்டையே பிரித்துப் போடப் பார்க்கிறானே என்று தோன்றியது. "இப்போதைக்கு ஏ.சி.யை மட்டும் மாட்டிவிட்டுப் போ; மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றேன்.

"வேற ஆளைக் கூப்பிட்டுக்குங்க சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "போறதுக்கு முன்னாடி எர்த் மட்டும் ஒரு தடவை பார்த்துடறேன். காசு வேண்டாம்."

பையிலிருந்து நூறு வாட் பல்பு மாட்டிய ஹோல்டர் ஒன்றை எடுத்தான். அதிலிருந்து இரண்டு வயர்கள் தொங்கின. பச்சைக் கம்பி போகிற எதையும் யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெயினைப் போட்டான். பேஸிலும் நியூட்ரலிலும் வைத்தான். பல்பு கண்ணைப் பறித்தது. ஒரு முனையைப் பேஸிலேயே வைத்துக்கொண்டு, மறு முனையைப் பச்சைக் கம்பியில் வைத்தான். அதே வெளிச்சம் வரவேண்டுமாம். வரவில்லை. சாம்பல் மூடிய கங்கு மாதிரி, உள்ளே கம்பிச்சுருள் லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான்.

"இந்தப் பச்சை எங்கே சார் போகுது?"

தேடிக்கொண்டே போனோம். சுவரோரமாக ஓடி, சமையலறையைத் தாண்டி, கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் உள்ள குழாயில் போய் முடிந்தது. கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. அப்பா கட்டியது. தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டவே கூடாது என்று விதி இருக்கிறதாம். ஆனாலும் அப்பா காலத்தில் அது இரும்புக் குழாய். தெருவரைக்கும் மண்ணுக்குள் புதைந்து போயிற்று. கூடாத காரியமானாலும் வேலை செய்தது.

2012-ல், அப்பா காலமான பிறகு, துருப்பிடித்த குழாய்களை எடுத்துவிட்டு வெள்ளை பிளாஸ்டிக் குழாய் போட்டேன். கொல்லையில் ஒரு முழ நீளத்துக்குச் சுவரில் பதிந்திருந்த இரும்புத் துண்டை மட்டும், எடுத்தால் சுவர் பெயரும் என்று விட்டுவைத்தோம். அதில்தான் குழாய்த் திருகு. அதில்தான் பச்சைக் கம்பி. மண்ணுக்குள் போக வேண்டிய கம்பி, அந்தரத்தில் ஓர் இரும்புத் துண்டில் போய் நின்றுவிட்டது.

பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இங்கே யாருக்காவது ஷாக் அடிச்சிருக்கா சார்?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "குழாயைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க ஐயா." முதல் தடவை சொன்னபோது நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. செருப்புப் போட்டிருந்தேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். இன்னொரு நாள் வந்து, "எப்பவும் இல்லீங்க. அம்மா மாவு அரைக்கிறப்ப மட்டும்தான்" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சமையலறையில் கிரைண்டர் சுற்றுவதற்கும் கொல்லைக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இதை ஒரு நண்பரிடம் வேடிக்கையாகக்கூடச் சொன்னேன். அப்புறம் மனசு கேட்காமல் கடைவீதியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி அவளிடம் கொடுத்தேன். தர்மம் செய்த திருப்தியோடு மாடிக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

சம்பந்தம் இருந்தது. கிரைண்டர் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கி இறங்கி, காயிலிலிருந்து மின்சாரம் அதன் இரும்பு உடம்பில் கசிந்துகொண்டிருந்தது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்த் தொலைந்திருக்கும். இங்கே அந்தக் கசிவைப் பச்சைக் கம்பி பத்திரமாகச் சுமந்துகொண்டு போய், வெறுங்காலோடு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தவளின் கைக்கு எட்டும்படி குழாயில் வைத்தது. ஆபத்தைக் கொண்டுபோவதற்கென்றே போட்ட கம்பிதான்.

பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மா கரெக்டாக் கண்டுபிடிச்சிருக்காங்க சார்" என்றான்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓம் விதி என்றைக்காவது உதவ வேண்டாமா? ஈரக் கையும் ஈரக் காலுமாக இருக்கிற மனித உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட் முழுசாகப் பாய்ந்தால் 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் சிறு பங்கு போதும். ஐந்து ஆம்பியர் பியூஸுக்கோ அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குத் தெரியவே தெரியாது. என்னுடைய ஐந்தாறு இழைக்குச் சொல்லவே வேண்டாம். காயில் இன்னும் கொஞ்சம் கெடாமல் இருந்ததுதான் அந்த இரண்டு மாதமும் அவளைக் காப்பாற்றியது.

மறுநாள் ஏ.சி.யைப் பற்றிப் பேச்சே இல்லை. கொல்லையில் சுவரை விட்டு ஐந்தடி தள்ளி, எட்டடிக்கு மேல் குழி வெட்டினார்கள். இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்புமாக மாற்றி மாற்றிப் போட்டு மூடினார்கள். புதுப் பச்சைக் கம்பி அதில் போய்ச் சேர்ந்தது. ரேழியில் மரப்பலகை போய் இரும்புப் பெட்டி வந்தது. கம்பியின் கனத்துக்கு ஏற்ற எம்.சி.பி.க்கள், எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் ஓர் ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரத்தையும் திரும்புகிற மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். கணக்கில் 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைப்பதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிடும். கடைச் சிப்பந்திகளில்கூட இத்தனை கறாரான கணக்கப்பிள்ளையை நான் பார்த்ததில்லை. கிரைண்டர் காயில் கட்டப் போயிற்று. அப்பாவின் பீங்கான் கட்டைகளில் ஒன்றை அம்மா துடைத்து எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

நாலு நாள் கழித்துக் கிரைண்டர் திரும்பி வந்தது. வேலைக்கார அம்மாளிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனால் குழாய்ப் பக்கம் போகவில்லை. "அம்மாவை மாவு அரைக்கச் சொல்லுங்க" என்றாள். உள்ளே கிரைண்டர் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. அவள் ஈரத்தரையில் நின்றுகொண்டு, புறங்கையால் குழாயை மெல்லத் தொட்டாள், எடுத்தாள், மறுபடி தொட்டாள். பிறகு திருகைத் திறந்துவிட்டுக் கீழே உட்கார்ந்து பாத்திரத்தை இழுத்துக்கொண்டாள். அவள் காலைப் பார்த்தேன். வெறுங்கால்.

"அந்தச் செருப்பு எங்கே?" என்று கேட்டேன்.

"அது பாசியிலே வழுக்குதுங்க ஐயா. அன்னிக்கே மகளுக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.