அறுபதா, எழுபதா?

கல்விக் கடன் விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. 46 வயதில் அதை நிரப்ப, 75 வயது அப்பாவை பேங்குக்குக் கூட்டிப்போக வேண்டும். வருவார், வட்டி எவ்வளவு என்று மேனேஜரிடம் கேட்பார், கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே படிவத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு மாட்டு டாக்டராக ஆசை. ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவனுக்கு இது எங்கிருந்து வந்தது? எங்கள் ஜெர்சிக் கலப்புப் பசு கன்று போட முடியாமல் தவித்த ராத்திரியிலிருந்து. வந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். தோள்பட்டை வரை சோப்பைத் தேய்த்துக் கையை உள்ளே விட்டவர், கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் தேடுவது முகத்தில் தெரிந்தது. “முன்னங்கால் மடங்கிக் கிடக்கு” என்றார். கன்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, குளம்பை உள்ளங்கையால் மூடிக் காலை நிமிர்த்தினார். கயிறு மாட்டி, பசு முக்கும்போது மட்டும் எங்களை இழுக்கச் சொன்னார். கன்று விழுந்ததும் மூக்கைத் துடைத்து வைக்கோலால் ஒரு தேய். தும்மியது. நான் பார்க்கிற வேலையில் எதுவும் தும்முவதில்லை.

சரி, கணக்கு. படிப்பு ஐந்தரை ஆண்டு. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில், அந்த வேப்பேரியிலேயே, இடம் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஆசைக்கென்ன காசா பணமா! அமெரிக்காவில் இந்தப் படிப்பை முடிப்பவர் ஒன்றரை லட்சம் டாலர் கடனோடு வெளியே வருவது சகஜம். நம் அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆளைக் கொல்லாது; 4 லட்சம் வரை கடனுக்குச் சொத்து ஜாமீனும் வேண்டாம். கொல்வது ஐந்தரை ஆண்டு வராத சம்பளம். அதற்கு எந்த பேங்கும் கடன் தராது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். 15 ஆண்டு கட்டலாம். கூட்டிப் பார்த்தால் வயது 67 தாண்டுகிறது. அரசு வேலையே கிடைத்தாலும் 60-ல் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

60 என்றதும் எங்கள் உத்திரமேரூர்க் கோயில் சுவர் ஞாபகம் வருகிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தலுக்காக ஊர் உலகம் புகழ்கிறது. எனக்குப் பிடித்தது அதிலுள்ள வயதுக் கணக்கு. பராந்தகன் காலத்தில், 919-ல் போட்ட விதிப்படி வாரியத்துக்கு வர 30 முதல் 60 வயது. இரண்டே வருஷத்தில், 921-ல், அதை 35 முதல் 70 என்று மாற்றினார்கள். ஏரி வாரியத்தில் இளவட்டங்கள் என்ன கூத்தடித்தார்களோ! பழைய விதியால் வாய்ப்புப் போன 61 வயதுக்காரர் ஒருவர் எங்கள் ஏரியான வைரமேகத் தடாகத்தின் கரையில் உட்கார்ந்து ஊரைத் திட்டித் தீர்த்திருப்பார் என்பது என் ஊகம். எப்படியானாலும், 35-க்குக் கீழே உள்ளவனை நம்பி ஏரியைக் கொடுக்காதே, 70 வரை கொடு என்று கல்லில் வெட்டியவர்கள் என் கட்சி.

அதே கல்லில் இன்னொன்றும் இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அவனோடு விடவும் இல்லை: சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மருமகன், அப்பா, மகன் என்று சொந்தம் முழுக்கத் தள்ளுபடி. ஒருத்தன் கணக்கு வீட்டார் எல்லோர் தலையிலும் விடியும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்: என் பெண் அடுத்த வருஷம் ப்ளஸ் டூ முடிக்கிறாள். ஒரு வீட்டில் இரண்டு கல்விக் கடன் ஆகாது என்பது என் மனைவியின் தீர்ப்பு; மேல்முறையீடு கிடையாது.

ஆகவே டாக்டர் படிப்பு இல்லை. ராஷ்டிரிய கோகுல் மிஷனில் ‘மைத்ரி’ என்று மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது. வீடு வீடாகப் போய்ச் சினை ஊசி போடக் கற்றுத்தருகிறார்கள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன். வைத்தியம் பார்க்க மட்டும் உரிமை வராது. 1984-ம் வருஷத்துச் சட்டப்படி அது பதிவு பெற்ற டாக்டரின் வேலை. மடங்கிய காலை நிமிர்த்த வேண்டுமென்றால் நானும் கால்நடை உதவி எண் 1962-க்குத்தான் போன் போட வேண்டும்.